லிட்டில் பிக் வொர்க்‌ஷாப்: எல்லாரும் ஓடியாடி வேலை செய்கிறார்கள், சரக்கு மட்டும் வெளியே போகவில்லை

பொம்மைப்பட்டறை

வணக்கம். மூன்று வாரமாக லிட்டில் பிக் வொர்க்‌ஷாப் ஆடுகிறேன். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்: ஒரு வீட்டு மேசையின் மேல் குட்டித் தொழிற்சாலை. கேமராவைப் பின்னால் இழுத்தால் அறையே தெரியும். பெரிய தலையும் சின்னக் கால்களுமாகக் குட்டிக் குட்டி மனிதர்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், மிஷினில் நிற்பார்கள், களைத்தால் ஓய்வறைக்குப் போவார்கள். ஸ்வீடனின் மிராஜ் கேம் ஸ்டூடியோஸ் செய்தது, 2019இல் வந்தது. பார்த்தவுடனே பிடித்துப்போனது.

ரப்பர் வாத்து செய்த வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு வாடிக்கையாளரிடம் இழுப்பறை வைத்த அலமாரிக்குப் பெரிய ஆர்டர் எடுத்தேன். அங்கே பிடித்தது வினை. கெடு நெருங்கியபோது தரை முழுக்கப் பலகையும் பாதி செய்த பாகங்களும் கிடந்தன. ஆள் போதவில்லை என்று நினைத்து ஆறு பேரை எடுத்தேன். அவர்களும் ஒரு நொடி சும்மா நிற்கவில்லை. ஆனால் முடிந்த அலமாரி முன்பைவிடக் குறைவாகத்தான் வெளியே போனது. சம்பளமும் மூலப்பொருளும் சேர்ந்து கையிருப்பைத் தின்றுவிட்டன. ஆர்டரும் போய்விட்டது.

எல்லாரும் வேலை செய்கிறார்கள். அப்படியென்றால் தப்பு எங்கே? இன்னும் ஆள் எடுக்க வேண்டுமா, மிஷின் வாங்க வேண்டுமா?

ராத்திரிஷிப்ட்

தம்பி, முதலில் ஆட்டத்தை நிறுத்தி வையுங்கள். ஆளும் எடுக்க வேண்டாம், மிஷினும் வாங்க வேண்டாம்.

நான் பம்ப் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். இப்போது ஷிப்ட் பார்த்துக்கொள்கிறேன். ஷெட்டுக்குள் நுழைந்ததும் நான் யார் முகத்தையும் பார்க்க மாட்டேன், தரையைத்தான் பார்ப்பேன். எந்த மிஷினுக்கு முன்னால் சரக்கு குவிந்திருக்கிறது, எந்த மிஷினுக்குப் பின்னால் தரை காலியாக இருக்கிறது? முன்னால் குவியல், பின்னால் வெறுமை. அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மிஷின்தான் உங்கள் தொழிற்சாலை. மற்றதெல்லாம் அதற்கு எடுபிடி.

இந்த ஆட்டத்தில் குவியல் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. நிஜத்தில் எங்களுக்கு டிரேயும் தார்ப்பாயும் மறைத்துவிடும். மேலிருந்து பாருங்கள், பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பொம்மைப்பட்டறை

பார்த்தேன் அண்ணா. அறுக்கும் இடத்தில் குவியலே இல்லை. அசெம்பிளி மேசைக்காரர் பாகத்துக்காகக் காத்திருக்கிறார். நடுவில் ஒரே ஒரு வேலைமேசைக்கு முன்னால் மலை மாதிரி கிடக்கிறது. வரைபடத் திரையில் போய்ப் பார்த்தேன். பக்கப்பலகை, இழுப்பறை முகப்பு, கால் என மூன்று பாகத்தின் வேலையையும் அதே மேசைக்கு நானே ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பாகத்துக்கும் எங்கே எந்த வேலை என்று அந்தத் திரையில் நாம்தான் இழுத்துப் போட வேண்டும். தனித்தனியாகப் போட்டபோது மூன்றும் ஒரே இடத்துக்குப் போவது கண்ணில் படவில்லை.

நான் எடுத்த ஆறு பேரும் அறுக்கும் பக்கம்தான் போயிருக்கிறார்கள்.

ராத்திரிஷிப்ட்

அதேதான். அவர்கள் வேகமாக அறுக்க அறுக்க அந்த மேசைக்கு முன்னால் மலை வளரும். மலை வளர்ந்தால் நடக்கப் பாதை போகும், வேண்டிய பாகத்தைத் தேடி எடுக்க நேரமாகும். அதனால்தான் ஆள் கூடியும் அலமாரி குறைந்தது.

எலியாஹு கோல்ட்ராட் என்று ஒரு இஸ்ரேலிய இயற்பியலாளர் 1980களில் இதை ஒரு கோட்பாடாகவே ஆக்கினார். நெருக்கடியான இடத்தில் ஒரு மணி நேரம் போனால் முழுத் தொழிற்சாலைக்கும் ஒரு மணி நேரம் போனது. மற்ற இடத்தில் ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்தால் யாருக்கும் எதுவும் மிச்சமாகாது. எங்கள் பழைய ஃபோர்மேன் இந்தப் பெயரையெல்லாம் கேட்டதே இல்லை. ஆனால் நாள் முழுக்க துளையைக் குடைந்து அளவுக்குக் கொண்டுவரும் ஒரே ஒரு போரிங் மிஷின் பக்கத்தில்தான் நிற்பார். டீ நேரத்தில்கூட அது ஓட வேண்டும் என்று மாற்று ஆள் வைத்திருப்பார். அப்போது அது புரியவில்லை, பிற்பாடுதான் புரிந்தது.

கணக்குவாத்தி

இங்கே கணக்காகவும் ஒன்றைச் சொல்லலாம். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி இது. உள்ளே இருக்கும் பொருளின் எண்ணிக்கை = ஒரு நிமிடத்தில் வெளியே போகும் எண்ணிக்கை × ஒரு பொருள் உள்ளே தங்கும் நேரம். எல்லாம் சராசரிக் கணக்கு.

வாத்தையே எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 2 வாத்து வெளியே போகிறது. தரையில் பாதி செய்ததெல்லாம் சேர்த்து 60 கிடக்கிறது. அப்படியானால் இன்று உள்ளே நுழையும் ரப்பர் துண்டு வாத்தாகி வெளியே போக 30 நிமிடம் ஆகும். யாரையும் விரட்டாமல், எந்த மிஷினையும் மாற்றாமல், தரையில் கிடப்பதை 30 ஆகக் குறைத்தால் அதே வாத்து 15 நிமிடத்தில் வெளியே வரும். நிமிடத்துக்கு 2 என்பது மாறவே இல்லை. கெடு வைத்த ஆர்டரில் இதுதான் உயிர்.

இந்த விதியில் எனக்குப் பிடித்தது, அது எந்த இடத்தையும் கேட்பதில்லை. வங்கி வரிசை, ரேஷன் கடை, மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவு, எல்லாவற்றுக்கும் ஒரே விதி. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேன்டீன் வரிசையில் நின்றவர்களை எண்ணிவிட்டு, தாங்களே சரிபார்த்துக்கொண்டு வந்தார்கள்.

பெல்ட்பிரியன்

எல்லாம் சரி. ஆனால் இதற்கெல்லாம் இந்த ஆட்டம் தேவையா என்பது என் கேள்வி. தொழிற்சாலை ஆட்டம் என்றால் ஃபேக்டோரியோ. அதில் எதுவும் ஒளிந்திருக்காது. பொருளைத் தானாக நகர்த்தும் மஞ்சள் பெல்ட்டில் நொடிக்கு 15 பொருள் போகும். கல் உலை ஒரு இரும்புத் தகடு செய்ய 3.2 நொடி எடுக்கும். வகுத்துப் பாருங்கள், ஒரு பெல்ட் நிறைய 48 உலை. பச்சை சர்க்யூட்டுக்கு மூன்று செப்புக்கம்பி மிஷின், இரண்டு சர்க்யூட் மிஷின். கம்பி மிஷின் அரை நொடியில் 2 கம்பி தரும், சர்க்யூட் மிஷின் அரை நொடியில் 3 கம்பி கேட்கும். 6க்கு 6, முடிந்தது.

சாட்டிஸ்ஃபாக்டரி என்ற இன்னொரு தொழிற்சாலை ஆட்டத்திலும் இதே அழகு உண்டு. சாதாரண இரும்புப் படிவத்தில் முதல்நிலைச் சுரங்க மிஷின் வைத்தால் நிமிடத்துக்கு 60 தாது. இரண்டு உலை வைத்தால் 60 இரும்புக் கட்டி. அதில் 45ஐத் தகட்டுக்கும் 15ஐக் கம்பிக்கும் பிரித்தால் 30 தகடும் 15 கம்பியும் கிடைக்கும். அந்த 15 கம்பி 60 திருகாணி ஆகும். 30 தகடும் 60 திருகாணியும் சேர்ந்து நிமிடத்துக்குச் சரியாக 5 வலுவூட்டிய தகடு. ஒரு துளி மிச்சமில்லை, ஒரு துளி குறைவில்லை. முதல் தடவை அது ஒத்துவந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

மேசை மேல் ஓடும் குட்டி மனிதர்களிடம் இந்தத் தெளிவு கிடையாது. ஒருவர் எப்போது நடப்பார், எப்போது களைப்பார் என்று யாருக்குத் தெரியும்? அழகாக இருக்கிறது என்பதற்காகக் கணக்கை விட முடியாது.

நொய்யல்கரை

இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும்.

எங்கள் ஊர் திருப்பூர். அம்மா பனியன் தைக்கும் ஒரு பவர் டேபிள் யூனிட்டில் கைமடியாக, அதாவது உதவியாளராகச் சேர்ந்தவர். டெய்லர் தைத்துப் போடும் பீஸை எடுத்துக் கொடுப்பது, அடுக்குவது, நூல் வெட்டுவது, அதுதான் வேலை. பிறகு செக்கிங் டேபிளுக்குப் போனார். பள்ளி விடுமுறையில் நான் அங்கேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஓவர்லாக் தையல் மிஷினிலிருந்து ஃப்ளாட்லாக் தையல் மிஷின், ஃப்ளாட்லாக்கிலிருந்து செக்கிங், அப்புறம் அயர்ன், பேக்கிங். மிஷின் நிமிடத்துக்கு எத்தனை தையல் போடும் என்பது எல்லாருக்கும் தெரியும், மிஷின் மேலேயே எழுதியிருக்கும். தெரியாதது, பீஸ் கட்டு அடுத்த மிஷினுக்கு எப்படிப் போகிறது என்பது. யாரோ ஒரு பெண் எழுந்து, கட்டைத் தூக்கி, நான்கு மிஷினைச் சுற்றி நடந்து கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூறு தடவை.

ஒரு தடவை அம்மா செக்கிங் டேபிளை அயர்ன் பக்கமிருந்து எடுத்து ஃப்ளாட்லாக் வரிசையின் முனையில் போடச் சொல்லிக் கேட்டார். லைன் சூப்பர்வைசர் ஒத்துக்கொள்ளப் பத்து நாள் ஆனது. போட்ட பிறகு அம்மா வீட்டுக்கு வந்து சொன்னது ஒரே வரி: "இன்னைக்கு முட்டி வலிக்கல." எத்தனை பீஸ் கூடியது என்று அவர் சொல்லவில்லை. கூடியிருக்கும், நிச்சயம்.

பெல்ட் வைத்த ஆட்டத்தில் இந்த நடை இருக்காது. பொருள் தானாக நகரும், நாம் விகிதத்தை மட்டும் பார்த்தால் போதும். லிட்டில் பிக் வொர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு பாகத்தையும் ஒரு ஆள் கையில் தூக்கிக்கொண்டு நடக்கிறார். கிடங்கைத் தூரமாகக் கட்டினால் அவருடைய கால்தான் அந்தத் தப்புக்கு விலை கொடுக்கும். அவர் களைப்பது கணக்குக்கு வெளியே இருக்கும் தொந்தரவு இல்லை நண்பரே, அதுவும் கணக்குதான். உலகத்தில் பெரும்பாலான தொழிற்சாலையில் இன்னமும் பொருளைக் கைதான் தூக்குகிறது.

அந்தக் குட்டி மனிதர்கள் அழகாக இருப்பதும் இதற்காகத்தான் என்று நான் நம்புகிறேன். வெறும் புள்ளியாக இருந்தால் யாரும் அவர் நடப்பதைப் பார்க்க மாட்டோம். அழகாக இருப்பதால் பார்க்கிறோம். பார்த்தால்தான் அவர் ஒரே பலகைக்காக மேசையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அலைவது தெரிகிறது.

பொம்மைப்பட்டறை தம்பி, உங்கள் ஓய்வறை எங்கே இருக்கிறது?

பொம்மைப்பட்டறை

அக்கா, ஒரு மூலையில். இடம் மிச்சம் பிடிக்கலாம் என்று கடைசியாகக் கட்டினேன். இப்போது போய்ப் பார்த்தால், அந்த நெருக்கடி மேசையில் நிற்பவர்தான் அதிக தூரம் நடந்து ஓய்வுக்குப் போகிறார்.

பெல்ட்பிரியன்

நொய்யல்கரை, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். நடை பற்றிச் சொன்னது சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். நான் ஆடிய ஆட்டங்களில் தூரம் என்றால் இன்னும் நாலு பெல்ட், அவ்வளவுதான். அது யாருக்கும் வலிக்காது.

ஆனால் பெல்ட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தம்பியின் பிரச்சினைக்கு நேரடியாக உதவும். ஃபேக்டோரியோவில் பெல்ட் நிறைந்துவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள மிஷின் தானாக நின்றுவிடும். வைக்க இடமில்லை, அதனால் செய்வதில்லை. சர்க்யூட் மிஷின் மெதுவானால் கம்பி பெல்ட் நிறையும், கம்பி மிஷின் நிற்கும், செப்பு உலையும் நிற்கும். சங்கிலி முழுக்க ஒரே வேகத்துக்கு வந்துவிடும். புதிதாக ஆடுபவர்கள் மிஷின் நிற்பதைப் பார்த்துப் பதறுவார்கள். உண்மையில் அது நல்ல அறிகுறி. நெருக்கடி எங்கே என்று அந்த நின்றுபோன வரிசையே விரல் நீட்டிக் காட்டுகிறது.

உங்கள் மேசைத் தொழிற்சாலையில் அந்தத் தடை இல்லை. பாகத்தைத் தரையில் போட இடம் இருக்கும்வரை அறுப்பவர் அறுத்துக்கொண்டே இருப்பார். பெல்ட் செய்யும் வேலையை நீங்கள் செய்ய வேண்டும்.

ராத்திரிஷிப்ட்

பிரமாதம். பெல்ட்பிரியன் சொன்னதற்குத் தொழிலில் ஒரு பெயர் உண்டு: கன்பான். டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ கொண்டுவந்தார். அவருக்கு வழி காட்டியது அமெரிக்க சூப்பர்மார்க்கெட். வாடிக்கையாளர் எடுத்தால்தான் தட்டில் இடம் காலியாகும், காலியான இடத்தை மட்டும் கடைக்காரர் நிரப்புவார். அதையே தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தார். அடுத்த மிஷின்காரர் ஒரு பெட்டியை எடுத்தபிறகுதான் முந்தைய மிஷின்காரர் அடுத்த பெட்டிக்கு வேலை ஆரம்பிப்பார். அதற்கு அடையாளமாக ஒரு அட்டை. அட்டை இல்லாவிட்டால் கையைக் கட்டி நிற்க வேண்டும்.

கையைக் கட்டி நிற்பதை நம் ஊரில் எந்த முதலாளியும் சகிக்க மாட்டார். அதனால்தான் இது பேப்பரில் சுலபம், ஷெட்டில் கஷ்டம். நானே ஒரு தடவை லேத்தில் கடையும் டர்னிங் செக்‌ஷனை மதியம் நிறுத்தி வைத்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த வாரம் டெலிவரி நேரத்துக்குப் போனது.

தம்பி, நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பெரிய ஆர்டரை ஒரே மூச்சில் விடாமல் சின்னச் சின்னத் தொகுதியாக விடுங்கள். ஐந்து அலமாரி, அது வெளியே போன பிறகு அடுத்த ஐந்து. அந்த மேசையின் மூன்று வேலையில் ஒன்றையாவது வரைபடத்தில் வேறு மேசைக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் மட்டும் அதே மாதிரி இன்னொரு மேசை வாங்குங்கள். அறுக்கும் ஆட்கள் சும்மா நின்றால் நிற்கட்டும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

மாடித்தோட்டம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு ஒன்பது வயது. இந்த இழையைப் பார்த்துவிட்டு அவளுக்கு இந்த ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தேன். அவள் தொழிற்சாலையே கட்டவில்லை, முதலில் ஓய்வறையைக் கட்டி அலங்கரித்துக்கொண்டிருக்கிறாள். வரைபடத் திரை அவளுக்குக் கடினமாக இருக்கிறது. இதைவிட எளிதாக ஏதாவது உண்டா?

கணக்குவாத்தி

ஷேப்ஸ் முயன்று பாருங்கள். டோபியாஸ் ஸ்ப்ரிங்கர் என்ற ஜெர்மானியர் செய்தது, 2020இல் வந்தது. வட்டம், சதுரம் எல்லாவற்றையும் பெல்ட்டில் விட்டு, வெட்டி, திருப்பி, வண்ணம் பூசி, கேட்ட வடிவத்தை நடுவில் சேர்க்க வேண்டும். பணம் கிடையாது, எதிரி கிடையாது, கெடு கிடையாது. தப்பாகப் போட்டால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். பாதி, கால் என்ற எண்ணம் விரல் நுனிக்கு வந்துவிடும். இரண்டாம் பாகம் 2024 ஆகஸ்டில் முப்பரிமாணத்தில் வந்தது, ஆனால் குழந்தைக்கு முதல் பாகமே நல்லது.

அவள் ஓய்வறையில் தொடங்கியதை மாற்றாதீர்கள். அது தப்பான தொடக்கம் இல்லை.

பெல்ட்பிரியன்

சாட்டிஸ்ஃபாக்டரியில் பல்லியும் நாய்க்குட்டியும் கலந்த மாதிரி ஒரு பிராணி உண்டு. காட்டுப் பழம் கொடுத்தால் பழகிவிடும், பின்னாலேயே வரும், அவ்வப்போது ஏதாவது பொருளைக் கண்டெடுத்துக் கொடுக்கும். ஆனால் காட்டில் தாக்கும் மிருகங்களும் உண்டு. ஒன்பது வயதுக்கு அருகில் உட்கார்ந்து ஆடினால் நல்லது.

மாடித்தோட்டம்

இருவருக்கும் நன்றி. வண்ணம் பூசும் கட்டத்துக்கு வந்துவிட்டாள். சிவப்பும் பச்சையும் கலந்தால் மஞ்சள் வருகிறது, ஓவிய வகுப்பில் அப்படி வராதே என்று கேட்கிறாள்.

கணக்குவாத்தி

நல்ல கேள்வி! ஓவிய வகுப்பில் கலப்பது சாயம், இந்த ஆட்டம் கலப்பது ஒளி மாதிரி. சிவப்பு, பச்சை, நீல ஒளி மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. டிவி திரையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள், அந்த மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரியும்.

பொம்மைப்பட்டறை

நான்கு நாள் கழித்து வருகிறேன். நடந்ததை எழுத வேண்டும் என்று இருந்தது.

பழைய சேமிப்பிலிருந்து அதே ஆர்டரை மறுபடி எடுத்தேன். இழுப்பறை முகப்பு வேலையை இன்னொரு மேசைக்கு மாற்றினேன், புதிதாக எதுவும் வாங்கவில்லை. அந்த ஆறு பேரை இந்தத் தடவை எடுக்கவே இல்லை. ஓய்வறையை இடித்து நடுவில் கட்டினேன். பலகைக் கிடங்கை அறுக்கும் இடத்துக்கு ஒட்டினாற்போல் கொண்டுவந்தேன். ஐந்து ஐந்தாக விட்டேன்.

முதல் ஐந்து ஓடியபோது பயமாக இருந்தது. அறுப்பவர்கள் இருவர் கையைத் தொங்கவிட்டு நின்றார்கள். அடுத்த தொகுதியை விடக் கை துறுதுறுத்தது. விடவில்லை. மூன்றாவது தொகுதியில்தான் விளங்கியது: தரை சுத்தமாக இருக்கிறது, அசெம்பிளிக்காரர் நிற்கவே இல்லை. கெடுவுக்கு முன்பே கடைசி அலமாரி வண்டி ஏறியது. முன்பு தோற்ற அதே ஆர்டர், அதைவிடக் குறைந்த ஆள்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். ஆர்டர் இல்லாத நேரத்தில் வாத்தைச் சந்தைக்கு விடுகிறேன். விற்க விற்க விலை இறங்குகிறது. வாத்து லைன் அவ்வளவு சீராக ஓடுகிறது, நிறுத்த மனமே வரவில்லை.

நொய்யல்கரை

சந்தை நிறைந்தால் விலை இறங்கும், கொஞ்சம் விட்டால் ஏறும். அதனால் இரண்டு மூன்று பொருளைச் சுழற்சியில் வையுங்கள். ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறியிருக்கும். முடிந்தால் அதே மேசைகளில் செய்யக்கூடிய பொருளாகத் தேர்ந்தெடுங்கள், புது மிஷின் வேண்டியிருக்காது.

திருப்பூரிலும் இதே பாடுதான். ஆர்டர் கொடுக்கும் ஒரே பையருக்கு ஒரே டிசைனை மட்டும் தைத்த யூனிட்டுகள் ஆர்டர் நின்றதும் தவித்தன. உள்ளூர் பனியன் வேலையையும் கையில் வைத்திருந்தவர்கள் ஆளை நிறுத்தாமல் ஓட்டினார்கள். அம்மாவின் யூனிட் இரண்டாவது வகை, அதனால்தான் என் படிப்பு நிற்கவில்லை.

நேற்று அம்மாவுக்கு இந்த ஆட்டத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு திரையில் விரல் வைத்து, "இந்தப் பொண்ணு ஏன் இவ்வளவு தூரம் நடக்குது, அந்த டேபிளை இங்க போடு" என்றார். போட்டேன்.

பொம்மைப்பட்டறை

அக்கா, அம்மாவுக்கு என் வணக்கம். அடுத்து எலக்ட்ரிக் கிடார் ஆர்டர் எடுக்கலாம் என்று இருக்கிறேன். மரம், உலோகம் இரண்டும் வருகிறது, பாகம் நிறைய.

ராத்திரிஷிப்ட்

எடுங்கள். ஆனால் ஆர்டரை ஏற்கும் முன் வரைபடத் திரையைப் படம் பிடித்து இங்கே போடுங்கள். எந்த மேசைக்கு எத்தனை வேலை போகிறது என்று எண்ணிப் பார்த்துவிடலாம். நான் பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்து பார்க்கிறேன்.